1,400 வரி கிளாஸை எங்கே வெட்டுவது?

மண்டபத்திலோ தொண்டியிலோ மீன்வரத்துக் கணக்கு வைக்கும் ஒரு குழுவிடம், பைத்தானில் எழுதிய சிறிய வரைபட லைப்ரரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே தாளில் மூன்று படம் வரும்: மேலே காற்று, நடுவே ஓத மட்டம், கீழே அன்றன்று கரைக்கு வந்த மீன், கிலோ கணக்கில், கம்பங்களாக. இவ்வளவையும் வரைவது ‘வரைபடம்’ என்ற ஒரே கிளாஸ், அதாவது தரவையும் அதன் மேல் வேலை செய்யும் நிரலையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. 1,400 வரி, 62 மெத்தட் (அதற்குள் இருக்கும் செயல்கள்), 38 மாறி (மதிப்புகளை வைத்திருக்கும் பெயர்கள்). இத்தனை நாளும் குறையில்லாமல் ஓடுகிறது.

ஒரு நாள் சின்ன வேலை ஒன்று வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குப் பின்னணியில் வெளிர்சாம்பல் பட்டை ஒன்று தீட்ட வேண்டும். கம்பம் இல்லாத இடத்தைப் பார்த்து, தரவு விடுபட்டுவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தேவை ஒரே ஒரு செவ்வகம். சேர்த்து ஓட்டினால், 1,500 கிலோ இறங்கிய நாளின் கம்பம் அச்சில் 1,900க்குப் பக்கத்தில் போய் முடிகிறது. பட்டை சரி, கம்பங்கள் பொய்.

காரணம் இதுதான். பட்டை படத்தின் உச்சி வரை நீள வேண்டும் என்று, அதை வரையும் மெத்தட் அச்சின் மேல் எல்லையை 2,000இலிருந்து 2,500 ஆக உயர்த்திவிட்டது. கம்பங்கள் அதற்கு முன்பே பழைய எல்லைப்படி வரையப்பட்டுவிட்டன. அச்சின் எண்கள் அதற்குப் பிறகு புது எல்லைப்படி எழுதப்பட்டன. 1,500இன் பழைய உயரம் புதுக் கணக்கில் 1,875. மூன்று மெத்தட்டும் ஒரே மாறியை நம்பியிருந்தன. யார் எப்போது அதை மாற்றுகிறார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஊதிப்போன கிளாஸின் உண்மையான நோய் இதுதான்; வரிக் கணக்கு அதன் அறிகுறி மட்டுமே.

இதைச் சரியாக்க நாம் எடுக்கும் வழிக்குப் பெயர் ரீஃபேக்டரிங். வெளியே தெரியும் நடத்தை மாறாமல் உள்ளே இருக்கும் அமைப்பை மட்டும் மாற்றுவது. பிழை திருத்துவதும், வேகம் கூட்டுவதும், புது வசதி சேர்ப்பதும் இதில் சேராது. பழைய தரவைக் கொடுத்தால் பழைய படம் அச்சுப்பிசகாமல் வர வேண்டும், தவறான படமாக இருந்தாலும்கூட. தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு விழுங்கக் கடினமான விதி இது. கண்ணில் பட்ட பிழையைத் திருத்தாமல் எப்படிக் கடப்பது? தனித்தாளில் குறித்து வைத்துவிட்டுக் கடக்க வேண்டும். நிரலை இடம் மாற்றும் நகர்த்தலும் திருத்தமும் ஒரே கமிட்டில் (மாற்றங்களைச் சேமிக்கும் ஒரு பதிவில்) கலந்துவிட்டால், நாளை படம் மாறும்போது எதனால் மாறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கிளாஸ் ஏன் இப்படிப் பெருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் ஒரு தவறான முடிவு பரவலாக இருக்கிறது. படம் வரைபவருக்கு ஒரே பொருள் கையில் இருந்து, அதனிடமே ‘கோடு போடு’, ‘கம்பம் போடு’, ‘தலைப்பு வை’, ‘சேமி’ என்று சொல்ல முடிவது பெரிய வசதி. ஜான் ஹண்டர் தொடங்கி 2003இல் வெளிவந்த பைத்தான் வரைபட லைப்ரரியான மேட்பிளாட்லிப்பும் அப்படித்தான். அதில் ஆக்சஸ் என்ற ஒரே கிளாஸிடம் கேட்டுத்தான் பெரும்பாலான படங்களை வரைகிறோம். ஆகவே வெளிமுகம் அகலமாக இருப்பது குற்றமல்ல. உள்ளே சுவரே இல்லாமல் இருப்பதுதான் குற்றம். ஏலக்கூடத்தில் மீன்காரர் பார்க்கும் வாசல் ஒன்றுதான். ஆனால் எடை போடுபவர் வேறு, ஏலம் கூறுபவர் வேறு, கணக்கு எழுதுபவர் வேறு. எடை போடுபவர் கணக்குப் புத்தகத்தில் கைவைப்பதில்லை.

வெட்டுவதற்கு முன் இப்போதைய நடத்தையைப் பூட்டி வைக்க வேண்டும். பூட்டு என்பது டெஸ்ட், அதாவது நிரல் எதிர்பார்த்த விடையையே தருகிறதா என்று பார்க்கும் சிறு நிரல். வரைபட லைப்ரரிக்கு டெஸ்ட் எழுதும்போது, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிடுவதுதான் முதலில் தோன்றும். செய்யலாம், மேட்பிளாட்லிப்பும் செய்கிறது. ஆனால் ஒரே எழுத்தை வேறொரு கணினியில் ஃப்ரீடைப் என்ற எழுத்து தீட்டும் லைப்ரரியின் வேறு பதிப்பு சற்றே வேறாகத் தீட்டும். உங்கள் நிரல் சரியாக இருந்தும் டெஸ்ட் தோற்கும். இதைத் தவிர்க்கவே மேட்பிளாட்லிப் தன் டெஸ்ட்களை ஒரு குறிப்பிட்ட ஃப்ரீடைப் பதிப்போடு கட்டி வைத்திருக்கிறது. படத்தை உரையாகவே எழுதி வைக்கும் எஸ்விஜி கோப்பாகச் சேமித்து ஒப்பிடலாம் என்று நினைத்தால், அதற்குள் உருவான தேதியும் ஒவ்வொரு முறையும் மாறும் அடையாளப் பெயர்களும் இருக்கலாம். அவற்றை நிலைப்படுத்தினால்தான் ஒப்பீடு நிற்கும்.

தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை எண்களைச் சோதிப்பது. அச்சிலுள்ள அளவுக்குறிகள் எந்தெந்த எண்ணில் விழுந்தன, கம்பங்கள் எத்தனை, ஒவ்வொன்றின் இடது ஓரமும் உயரமும் எத்தனை பிக்சல் என்பதை ஒரு கோப்பில் பதிந்து வையுங்கள். ஆறு தரவுத் தொகுப்பு போதும்: சாதாரண மாதம் ஒன்று, தடைக்காலம் நடுவில் வரும் மாதம் ஒன்று, இடையிடையே நாள் விடுபட்டது ஒன்று, ஒரே ஒரு வரி உள்ளது, வெற்றுக் கோப்பு, சுழியத்துக்குக் கீழும் எண் உள்ளது. கடைசி மூன்றும் வேண்டா வெறுப்பாகச் சேர்ப்பவை போலத் தெரியும். ஆனால் பெரும்பாலும் நகர்த்தலில் உடைவது அவைதான். அவற்றுக்கு இப்போது பிழைச்செய்திதான் வருகிறதென்றால், அந்தப் பிழைச்செய்தியையே பதிந்து வையுங்கள்.

அடுத்ததுதான் இந்த வேலையின் இதயம். ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் 62 மெத்தட்களின் பெயர், மேலே 38 மாறிகளின் பெயர். எந்த மெத்தட் எந்த மாறியைப் படிக்கிறதோ அந்தக் கட்டத்தில் புள்ளி. மாற்றுகிறதென்றால் பெருக்கல் குறி. கையால் செய்ய அரைநாள் ஆகும். நிரலின் அமைப்பை அலசித் தரும் பைத்தானின் ஏஎஸ்டி மாட்யூலைக் கொண்டு, அந்தப் பொருளையே குறிக்கும் ‘செல்ஃப்’ என்ற சொல்லுக்குப் பின் வரும் பெயர்களை எல்லாம் திரட்டினால் நாற்பது வரி நிரலில் முடியும். ஆனாலும் ஒரு முறை கையால் போடுவதையே நாங்கள் விரும்புவோம், ஏனென்றால் போடும்போதே கிளாஸ் புரிந்துவிடும்.

பிறகு வரிசைகளை இடம் மாற்றிப் பாருங்கள். புள்ளிகள் திட்டுத் திட்டாகச் சேரும். தேதி, கிலோ, அலகு ஆகியவற்றைத் தொடும் மெத்தட்கள் ஒரு திட்டு. கீழ் எல்லை, மேல் எல்லை, அகலம், ஓரம் ஆகியவற்றைத் தொடுபவை இன்னொன்று. நிறம், எழுத்துரு, கோட்டின் தடிமன் வேறொன்று. கோப்பின் பெயர், தெளிவுத்திறன் கடைசி. இந்தத் திட்டுகள்தான் நாளைய மாட்யூல்கள், அதாவது தனித்தனி நிரல் கோப்புகள். வெட்டுக்கோட்டை நீங்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அட்டவணையே காட்டும். ‘300 வரிக்கு ஒரு கோப்பு’ என்று அளந்து வெட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரு திட்டின் நடுவில் கத்தி வைத்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு மாறிகள் மட்டும் எல்லாத் திட்டிலும் தலைகாட்டும். நம் எடுத்துக்காட்டில் அவை கீழ் எல்லையும் மேல் எல்லையும். பெருக்கல் குறி நான்கு இடத்தில் விழுந்திருந்தால் அதுதான் முடிச்சு. முடிச்சைக் கடைசியில் தொடுங்கள்.

முதலில் எடுக்க வேண்டியவை, அட்டவணையில் புள்ளியே இல்லாத மெத்தட்கள். பெயருக்குக் கிளாஸுக்குள் இருக்கும், எந்த மாறியையும் தொடாது. அவற்றை வெளியே ஃபங்ஷனாக (கிளாஸைச் சாராத தனிச் செயலாக) வைத்தால் எதுவும் உடையாது. அளவுக்குறி கணக்கு இதற்கு நல்ல உதாரணம். மீன்வரத்து 0 முதல் 1,730 கிலோ வரை. ஏறத்தாழ ஐந்து இடைவெளி வேண்டும். 1,730ஐ ஐந்தால் வகுத்தால் 346. யாரும் 346, 692 என்று அச்சைப் படிக்க மாட்டார்கள். ஆகவே 1, 2, 5, 10 ஆகியவற்றில் ஒன்றைப் பத்தின் அடுக்கால் பெருக்கி வரும் எண்ணுக்குத் தள்ளுகிறோம். 346 என்பது 3.46 பெருக்கல் 100. முதற்பகுதி 1.5க்குக் கீழ் என்றால் 1, 3க்குக் கீழ் என்றால் 2, 7க்குக் கீழ் என்றால் 5, அதற்கு மேல் 10. ஆகவே படி 500. குறிகள் 0, 500, 1,000, 1,500, 2,000. இந்தக் கணக்குக்கு இரண்டு எண்ணும் வேண்டிய இடைவெளிகளின் எண்ணிக்கையும் மட்டுமே தேவை. படமே தேவையில்லை.

வெளியே எடுத்ததும் ஒரு பழைய குறை கண்ணில் படும். ஓத மட்டப் படத்தில் படி 0.1 மீட்டர். 0.1ஐத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போனால் பத்தாவது கூட்டலில் கணினிக்கு 1 கிடைக்காது, 0.9999999999999999 கிடைக்கும். எத்தனையாவது குறி என்ற முழு எண்ணைப் படியால் பெருக்கினால் பிழை சேர்ந்துகொண்டே போகாது. ஆனாலும் 3 பெருக்கல் 0.1 என்பது 0.30000000000000004 என்றுதான் வரும், ஆகவே எழுதும்போது படியின் தசம இடங்களுக்கு ஏற்ப வெட்டியே எழுத வேண்டும். இதையும் தாளில் குறித்துவிட்டு நகருங்கள்.

வலை பொத்துபவர்கள் கிழிசலை இருக்கிறபடியே பின்னத் தொடங்குவதில்லை. முதலில் பிய்ந்த கண்ணிகளை நேராக நறுக்கி எடுப்பார்கள். ஓட்டை சற்றுப் பெரிதாகும், ஆனால் பின்னல் நேராக ஏறும். இங்கும் ஒரு கட்டத்தில் நிரல் பெருகும். பழைய மெத்தட்டை அழிக்காமல், அது புது ஃபங்ஷனை அழைத்து விடையைத் திருப்பித் தரும் ஒற்றை வரியாக மாற்றுங்கள். டெஸ்ட் ஓட்டுங்கள். கமிட் செய்யுங்கள். அடுத்த மெத்தட். ஒரு கமிட்டில் ஒரு நகர்த்தல் என்றால், தோற்கும்போது பின்வாங்க ஒரு படிதான்.

இப்போது முடிச்சு. தரவின் எண்ணைப் பிக்சலாக மாற்றுவதற்கு ‘அளவுகோல்’ என்று ஒரு சின்ன கிளாஸ் செய்கிறோம். சூத்திரம் எளிது: எண்ணிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, எல்லைகளின் வித்தியாசத்தால் வகுத்து, அகலத்தால் பெருக்கி, இடது ஓரத்தைக் கூட்டுவது. எல்லை 0 முதல் 2,000, அகலம் 600 பிக்சல், ஓரம் 60 என்றால், 500க்கு உரிய இடம் 210. நிலைக்குத்து அச்சுக்கு ஒரு திருப்பம் உண்டு: திரையில் பிக்சல் மேலிருந்து கீழாக எண்ணப்படும், அதனால் தலைகீழாக்க வேண்டும். பழைய கிளாஸில் இந்தத் தலைகீழாக்கல் ஏழெட்டு இடங்களில் சிதறிக் கிடக்கும். ஓரிடத்தில் இரண்டு முறை தலைகீழாகித் தற்செயலாகச் சரியாகவும் இருக்கும். ஒரே ஒரு வரி உள்ள கோப்பில் கீழ் எல்லையும் மேல் எல்லையும் ஒன்றாகி, சுழியத்தால் வகுக்க நேரும். அதற்கான காவலும் இனி ஒரே இடத்தில்.

அளவுகோலை உருவாக்கிய பின் அதன் எல்லைகளை மாற்ற வழியே வைக்காதீர்கள். வேறு எல்லை வேண்டுமென்றால் புது அளவுகோல் செய்து கொள்ளட்டும். தடைக்காலப் பட்டை செய்த குழப்பம் இந்த ஒரு கட்டுப்பாட்டில் நின்றுவிடும்: எந்த மெத்தட்டும் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் எல்லையை நகர்த்த முடியாது. இதற்காக மூன்று, நான்கு இடங்களில் அழைப்பை மாற்றி எழுத வேண்டி வரும். மொத்த வேலையிலும் அதிக நேரம் கேட்பது இந்தக் கட்டம்தான், அவசரப்படாதீர்கள்.

அடுத்து, கணக்கையும் தீட்டலையும் பிரிப்பது. மேட்பிளாட்லிப்பின் பெட்டிப்படம் (பாக்ஸ் பிளாட்) இதற்கு நல்ல பாடம். இடைநிலை, கால்மானம் முதலிய புள்ளியியல் எண்களைக் கணக்கிட ஒரு ஃபங்ஷன் தனியாக இருக்கிறது. கணக்கிட்ட எண்களை வாங்கி வரைய மட்டும் வேறொரு மெத்தட் இருக்கிறது. நீங்கள் வேறெங்கோ கணக்கிட்டு வைத்த எண்களையும் அதனிடம் கொடுத்து வரையலாம். சேர்ந்திருந்தால் அது நடக்காது.

நம் கரையோரத் தரவில் இந்தப் பிரிவு இன்னும் முக்கியம், ஏனென்றால் அமைதியாகப் பொய் சொல்லும் இடங்கள் இங்கே இரண்டு இருக்கின்றன. ராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு வரத்து மூன்று நாளும் 700 கிலோ என்றால், கடலுக்குப் போன நாளின் சராசரி 700. போகாத நாளைச் சுழியம் என்று நிரப்பிவிட்டால் அதே வாரத்தின் சராசரி 300 ஆகிவிடும். பழைய கிளாஸில் இந்த நிரப்பல் எங்கே ஒளிந்திருந்தது? கோடு வரையும் மெத்தட்டுக்குள். கோடு அறுபடாமல் இருக்கட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் சேர்த்திருப்பார்கள். ‘மீன் இல்லை’, ‘போகவில்லை’, ‘பதியவில்லை’ மூன்றும் வேறு வேறு. அவற்றைப் பிரித்து வைப்பது தரவு மாட்யூலின் பொறுப்பு. கோட்டை அறுத்துக் காட்டுவதா இணைத்துக் காட்டுவதா என்பது மட்டுமே வரைபவரின் பொறுப்பு.

இரண்டாவது காற்று. திசையைப் பாகையில் பதிகிறோம், வடக்கு 0. காலையில் 350, மாலையில் 10 என்று வாடை அடித்த நாளுக்குச் சாதாரணச் சராசரி எடுத்தால் 180 வரும், அதாவது தெற்கு. வாடையைச் சோளகம் என்று காட்டும் படத்தைப் பாம்பனில் எந்தக் கடலாடியும் நம்ப மாட்டார், அதன் பிறகு மற்ற இரண்டு படங்களையும் நம்ப மாட்டார். ஒவ்வொரு திசையையும் கிழக்குக் கூறு, வடக்குக் கூறு என்று பிரித்து, கூறுகளைக் கூட்டி, மறுபடி கோணமாக்க வேண்டும். இதற்குத் தனி ஃபங்ஷனும் தனி டெஸ்ட்டும் வையுங்கள்.

எழுத்துகளைத் தீட்டும் பகுதியையும் தனியே எடுங்கள், தமிழில் பெயரிடும் லைப்ரரி என்றால் கட்டாயமாக. ‘கீழக்கரை’ நமக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் எட்டுக் குறியீடு. ‘தொண்டி’ மூன்று எழுத்து, ஆறு குறியீடு. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிந்திருந்தால் ஏழு. குறியீடுகளை எண்ணி அகலத்தை மதிப்பிடும் நிரல் பெயரைத் தள்ளி வைக்கும். கொம்பு சேமிப்பில் மெய்க்குப் பின்னால் இருக்கும், காட்சியில் முன்னால் வர வேண்டும். எழுத்துகளை உரிய வடிவிலும் வரிசையிலும் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் போன்ற லைப்ரரி இல்லாமல் தீட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும். இந்தத் தொல்லையெல்லாம் ஒரு கோப்புக்குள் அடங்கட்டும்.

கடைசியாக வெளிமுகம். ‘வரைபடம்’ கிளாஸ் அப்படியே இருக்கும், பழைய பெயர்களும் அப்படியே இருக்கும். உள்ளே தரவு, அளவுகோல், தீட்டல், சேமிப்பு ஆகியவற்றை அழைப்பது மட்டும் அதன் வேலை. மேட்பிளாட்லிப்பில் ஆக்சஸ் ஒரு காலத்தில் ஒற்றைக் கோப்பாக இருந்தது. அதை ஒரு கோப்புறையாக்கி, அடித்தள வேலைகளை ஒரு கோப்பிலும், வரையும் மெத்தட்களை இன்னொரு கோப்பிலும் வைத்தார்கள். அழைக்கும் பெயர் மாறவில்லை. அந்தக் கோப்பின் வழியாக வேறு மாட்யூல்களின் பெயர்களை எடுத்துப் பயன்படுத்தியவர்களுக்குச் சில இடங்களில் உடைந்தது. அங்கே பிரித்தது மரபுரிமை வழியில், ஒன்று மற்றொன்றின் பிள்ளை. கோப்புகளில் தேட எளிதாகும், ஆனால் ‘செல்ஃப்’ இன்னும் ஒன்றுதான், சுவர் எழும்பாது. வரையும் மெத்தட்கள் உள்ள கோப்பு இன்றும் 8,000 வரிக்கு மேல். அவ்வளவு பேர் நம்பியிருக்கும் அகலமான முகத்துக்கு அது ஏற்கத்தக்க முடிவு. நம் 1,400 வரிக்கு அந்த வழி வேண்டாம். கிளாஸை நான்கு மிக்சினாக (மரபுரிமை வழியில் மறுபடி ஒன்றாகச் சேரும் துண்டுக் கிளாஸ்களாக) கிழித்து நான்கு கோப்பில் வைப்பதும் இதே கதைதான்.

நீங்கள் உண்மையில் பிரித்தீர்களா என்று பார்க்க ஒரே கேள்வி: படத்தை உருவாக்காமல் அளவுகோலை மட்டும் தனியாக டெஸ்ட் செய்ய முடிகிறதா? முழு ‘வரைபடம்’ பொருளையும் அதன் கையில் கொடுத்தால்தான் இயங்குகிறது என்றால், பெயர்தான் பிரிந்திருக்கிறது. இன்னொரு தொல்லை வட்ட இறக்குமதி: அளவுகோல் தீட்டலை அழைக்க, தீட்டல் அளவுகோலை அழைக்க, பைத்தான் பாதி தயாரான மாட்யூலைக் காட்டி நின்றுவிடும். அம்பு ஒரே திசையில் போகட்டும். தரவும் அளவுகோலும் யாரையும் அழைக்கக் கூடாது. தீட்டல் அவற்றை அழைக்கலாம். வெளிமுகம் எல்லோரையும் அழைக்கலாம். மறுபக்கம், 40 வரிக் கோப்புகளாக முப்பது வெட்டிவிடாதீர்கள். எப்போதும் சேர்ந்தே மாறும் இரண்டு கோப்புகள் ஒரே கோப்பாக இருக்க வேண்டியவை.

யாராவது பழைய படப்பொருளைப் பிக்கிள் கோப்பாக (பைத்தான் பொருளை அப்படியே சேமிக்கும் வடிவில்) சேமித்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பிக்கிள் கிளாஸின் மாட்யூல் முகவரியையும் சேர்த்தே எழுதுகிறது. கிளாஸ் இடம் மாறினால் பழைய கோப்பு திறக்காது. பழைய முகவரியில் புதுக் கிளாஸைச் சுட்டும் ஒரு வரியை விட்டு வைத்தால் போதும்.

இவ்வளவும் முடிந்து எல்லா டெஸ்ட்டும் பழைய எண்களையே தந்த பிறகு, தாளில் குறித்த பிழைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கமிட்டில் திருத்துங்கள். அதன் பிறகு தடைக்காலப் பட்டை. அதன் இடது, வலது ஓரங்களை மட்டும் அளவுகோலிடம் கேட்டு, உயரத்தைப் படச்சட்டத்தின் அடியிலிருந்து முடி வரை நேரே பிக்சலில் எடுத்துக்கொண்டால் எல்லையை யாரும் தொட வேண்டியதில்லை. மேட்பிளாட்லிப்பின் நிலைக்குத்துப் பட்டையும் இப்படித்தான் வேலை செய்கிறது. பட்டையை முதலில் தீட்டி, கம்பங்களைப் பிறகு தீட்டினால் கம்பம் மறையாது. தேதிகளை நிரலுக்குள் பதித்துவிடாமல் தரவு மாட்யூலிடமிருந்து வாங்குங்கள்: கன்னியாகுமரியின் மேற்குக் கரைத் தரவு வந்தால் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31. நாட்டுப்படகு வரத்து அந்த நாட்களிலும் தொடரும், ஆகவே விசைப்படகுப் படத்துக்கு மட்டும் பட்டை. மொத்தம் இரண்டு கோப்பில் முப்பது வரிக்குள் முடியும், 1,500 கிலோ கம்பம் 1,500இலேயே நிற்கும்.